குழம்பு ‘கொலம்போ’ ஆன தீவு: குவாதலூப்பில் கிறிஸ்துமஸ் எப்படி?

டிசம்பர் 24 இரவு என்றால் உலகம் முழுக்கக் கிறிஸ்துமஸ் இரவு. கரீபியனில் இருக்கும் குவாதலூப் தீவில் அந்தத் தேதிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 1854ஆம் ஆண்டு அதே டிசம்பர் 24-ல்தான், தமிழ்க் கரையிலிருந்து புறப்பட்ட ‘ஒரேலி’ என்ற கப்பல் 344 பேரை அந்தத் தீவில் இறக்கிவிட்டது. எல்லோரும் கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தம் போட்டு வந்தவர்கள். பெரும்பாலானவர்கள் தமிழ் பேசியவர்கள்.

அதற்குப் பிறகு 170 ஆண்டுகள் ஓடிவிட்டன. அவர்களுடைய பேரப் பிள்ளைகளின் பேரப் பிள்ளைகள் இன்று பிரெஞ்சும் கிரியோலும் பேசுகிறார்கள். தமிழ் பேச்சு மொழியாக அங்கே இல்லை. ஆனால், அந்தத் தீவின் கிறிஸ்துமஸ் மேசையில் ‘கொலம்போ’ என்று ஒரு பதார்த்தம் இருக்கிறது. மூடியைத் திறந்து முகர்ந்தால் மல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம் எல்லாம் மணக்கும். நம்ம ஊர் குழம்புதான்!

பெரிய காஞ்சிபுரம் மாதிரி தறியும் கோயிலும் மார்கழிப் பாட்டுமாக வாழும் ஊர்க்காரர்களுக்கு இந்தத் தீவின் டிசம்பர் அவ்வளவு அந்நியமாக இருக்காது. ஏன் என்று பார்ப்போம்.

குவாதலூப் எங்கே இருக்கிறது?

வட அமெரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் நடுவே, அட்லாண்டிக் பெருங்கடலுக்கும் கரீபியன் கடலுக்கும் வேலி போட்ட மாதிரி ஒரு தீவு வரிசை இருக்கிறது. அதில் ஒன்று குவாதலூப். வரைபடத்தில் பார்த்தால் இறக்கையை விரித்த வண்ணத்துப்பூச்சி போலத் தெரியும். பரப்பளவு சுமார் 1,600 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை 4 லட்சத்துக்கும் குறைவு.

இது தனி நாடு அல்ல. 1946 முதல் பிரான்ஸின் கடல் கடந்த மாவட்டங்களில் ஒன்று. கடையில் யூரோ கொடுக்க வேண்டும். பள்ளியிலும் அலுவலகத்திலும் பிரெஞ்சு, வீட்டிலும் தெருவிலும் கிரியோல். பிரெஞ்சுச் சொற்களை எடுத்து, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள் தங்கள் பேச்சுக்கு ஏற்ப வளைத்து உருவாக்கிய மொழி இந்தக் கிரியோல்.

மக்களில் பெரும்பான்மையோர் ஆப்பிரிக்க வம்சாவளியினர். ஐரோப்பிய, இந்திய, கலப்பு வம்சாவளியினரும் இருக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் கத்தோலிக்கர்கள். ஆகவே ஆண்டின் பெரிய பண்டிகைகளில் கிறிஸ்துமஸுக்குத் தனி இடம். கிரியோலில் அதன் பெயர் ‘நுவெல்’.

டிசம்பர் முழுக்கப் பாட்டு: ‘ஷான்டே நுவெல்’

குவாதலூப்பிலும் பக்கத்துத் தீவான மார்த்தினிக்கிலும் கிறிஸ்துமஸ் ஒருநாள் கூத்து இல்லை. நவம்பர் கடைசியிலேயே ஆரம்பித்துவிடும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரங்களைத் திருச்சபை ‘திருவருகைக் காலம்’ என்கிறது. அந்த வாரங்களில், குறிப்பாக வெள்ளி, சனி இரவுகளில், ஏதாவது ஒரு வீட்டு முற்றத்திலோ ஊர்ப் பொதுக்கூடத்திலோ கோயில் வளாகத்திலோ கூட்டம் கூடும். இதற்கு ‘ஷான்டே நுவெல்’ என்று பெயர். ‘கிறிஸ்துமஸ் பாட்டு பாடுதல்’ என்பதுதான் பொருள்.

ஆளுக்கொரு சின்னப் பாட்டுப் புத்தகம். அதில் இருப்பவை பிரான்ஸிலிருந்து பாதிரியார்களோடும் குடியேறிகளோடும் கப்பலேறி வந்த பழைய பிரெஞ்சுப் பாடல்கள். மாட்டுத் தொழுவம், ஆட்டிடையர்கள், நட்சத்திரம் என்று பைபிள் கதையைச் சொல்பவை. பிரான்ஸில் இவற்றில் பலவற்றை இப்போது அதிகம் பேர் பாடுவதில்லை. தீவில் சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடம்.

மெட்டு மட்டும் பிரான்ஸில் இருந்தபடி இல்லை. சரணத்தைப் பிரெஞ்சில் நிதானமாகப் பாடுவார்கள். அது முடிந்ததும் தாளம் சட்டென்று வேகமெடுக்கும். கிரியோலில் ஒரு தொடர் பல்லவி கிளம்பும். அதில் பக்தி கொஞ்சம், கேலி கொஞ்சம், பக்கத்து வீட்டுக்காரரை வம்புக்கு இழுப்பதும் கொஞ்சம். ‘கா’ என்ற தோல் மத்தளம் முழங்கும், சலங்கை மாதிரி குலுக்கும் கருவிகள் சேரும், எல்லோரும் எழுந்து ஆட ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்த மத்தளத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அடிமைக் காலத்தில் பீப்பாய்களில் ஆட்டுத்தோலைக் கட்டி உருவாக்கிய வாத்தியம் அது. அதை மையமாக வைத்த ‘க்வோகா’ இசையை யுனெஸ்கோ 2014-ல் மானுடத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலிட்டது. எஜமானரின் மொழியில் சரணம், அடிமையின் மத்தளத்தில் பல்லவி. ஷான்டே நுவெலை ஒரே வரியில் சொன்னால் இதுதான்.

பெரிய காஞ்சிபுரத்தில், அதாவது சிவகாஞ்சியில், டிசம்பர் பாதியில் மார்கழி பிறந்ததும் விடியலில் திருவெம்பாவை ஒலிக்கும். சின்ன காஞ்சிபுரமான விஷ்ணுகாஞ்சியில் திருப்பாவை. பஜனைக் குழு வீதி சுற்றி வரும். முடிந்ததும் பொங்கலோ சுண்டலோ கையில் கிடைக்கும். தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்கள் அதே மாதத்து இரவுகளில் வீடு வீடாகக் ‘கேரல்ஸ்’ போவார்கள். ஷான்டே நுவெலும் இதே குடும்பத்துப் பழக்கம்தான். பாடத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. வந்தால் பாட வேண்டும், பாடினால் சாப்பிட வேண்டும். இன்று நம் வீடு என்றால் அடுத்த வாரம் எதிர் வீடு. வெறுங்கையோடு போகாமல் ஆளுக்கொன்றாகப் பதார்த்தம் கொண்டுபோவதும் வழக்கம்.

டிசம்பர் 24 வரைதான் இந்தப் பாட்டு. அன்று நள்ளிரவுத் திருப்பலி. அங்கே நள்ளிரவு மணி அடிக்கும்போது காஞ்சிபுரத்தில் 25ஆம் தேதி காலை ஒன்பதரை மணி ஆகியிருக்கும்.

மேசையில் என்னென்ன?

திருப்பலி முடிந்து வீட்டுக்கு வந்ததும் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடும் நீண்ட விருந்துதான் தீவின் கிறிஸ்துமஸ் விருந்து. அதன் நாயகன் பன்றி.

ஒரு தலைமுறைக்கு முன்புவரை கிராமத்தில் பல வீடுகளில் ஒரு பன்றிக்குட்டியை ஆண்டு முழுக்க வளர்ப்பார்கள். சமையலறை மிச்சம், கிழங்குத் தோல், காய்கறிக் கழிவு எல்லாம் அதற்குத்தான். கிறிஸ்துமஸுக்கு ஓரிரு நாள் முன்பு அதை அறுப்பார்கள். ஒரு வீட்டுக்காரர் தனியாகச் செய்கிற வேலையில்லை. அக்கம்பக்கத்து ஆண்கள் உதவிக்கு வருவார்கள், உதவியவர்களுக்கெல்லாம் கறிப் பங்கு போகும். அடுத்த ஆண்டு அவர்கள் வீட்டிலிருந்து பங்கு திரும்பி வரும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் கறியைக் கெடாமல் ஊருக்குள்ளேயே செலவழிக்கக் கண்டுபிடித்த வழி இது. கிட்டத்தட்ட ஒரு கூட்டுறவுச் சங்கம்!

அந்தப் பன்றியில் எதுவும் வீணாகாது. தொடைக்கறி உப்பிலிட்டுப் புகையூட்டிய ‘ஹாம்’ ஆகும். அதன் மேல் சர்க்கரைப் பாகு தடவி, கிராம்பு குத்தி, அன்னாசித் துண்டு வைத்து அடுப்பில் வாட்டுவார்கள். ரத்தத்தில் வெங்காயத் தாளும் மிளகாயும் சேர்த்துக் குடலில் அடைத்தால் ‘பூதென்’. மிச்சக் கறி கிராம்பும் பட்டையும் போட்ட கெட்டியான குருமா போல ஆகும்.

தொடக்கமாக ‘அக்ரா’ வரும். உப்புக் கருவாட்டை மாவில் பிசைந்து பொரித்த பஜ்ஜி அது. அந்தக் கருவாடு தீவின் கடலில் பிடித்த மீன் அல்ல. வட அட்லாண்டிக்கின் குளிர்க் கடலில் பிடித்து உப்பிட்ட ‘காட்’ மீன். தோட்ட அடிமைகளுக்கு மலிவு உணவாக இறக்குமதி செய்யப்பட்டது, இன்று பண்டிகைப் பலகாரம்.

பன்றிக்கறிக்குத் துணையாக இரண்டு பொருள் கட்டாயம். ஒன்று, வேகவைத்த பெருவள்ளிக் கிழங்கு. இன்னொன்று, பச்சைத் துவரை. ஆமாம், நம் சாம்பாருக்குப் போடும் அதே துவரைதான், பச்சையாக. அங்கே அதன் பெயர் ‘அங்கோலாப் பட்டாணி’. துவரையின் தாயகம் இந்தியா. இங்கிருந்து ஆப்பிரிக்கா போய், அங்கிருந்து அடிமைக் கப்பல்களோடு கரீபியன் சேர்ந்தது. அதனால்தான் பெயரில் அங்கோலா. டிசம்பர், ஜனவரியில் காய்க்கும் என்பதால் கிறிஸ்துமஸ் சமையலில் இடம்பிடித்துவிட்டது. நம்மூரில் தை பிறக்கும்போது பச்சை மொச்சையும் துவரையும் பொங்கல் குழம்புக்கு வருகிற மாதிரி.

குடிப்பதற்கும் இரண்டு. பெரியவர்களுக்கு ‘ஷ்ரப்’. ஆரஞ்சுத் தோலை வெயிலில் காயவைத்து, ரம்மில் வாரக்கணக்கில் ஊறப்போட்டு, பட்டை, ஜாதிக்காய், சர்க்கரைப் பாகு சேர்த்தது. பிள்ளைகளுக்குச் செக்கச்செவேல் என்று ஒரு சர்பத். நம் புளிச்சக்கீரை இனத்துச் செடி ஒன்றின் சிவப்புப் புல்லி இதழைக் கொதிக்கவைத்துச் செய்வது. அந்தச் செடி சிவந்து நிற்பதைப் பார்த்தாலே ‘கிறிஸ்துமஸ் வந்துவிட்டது’ என்பார்கள் தீவுக்காரர்கள்.

பன்றி ஐரோப்பாவிலிருந்து வந்தது. வள்ளிக்கிழங்கு ஆப்பிரிக்காவிலிருந்து. கருவாடு வட அட்லாண்டிக்கிலிருந்து. துவரை இந்தியாவிலிருந்து ஆப்பிரிக்கா வழியாக. தீவிலேயே விளைந்த கரும்பில் காய்ச்சியது ரம். ஒவ்வொன்றாகக் கேட்டால் காலனி வரலாறே தட்டில் இருக்கிறது. கடைசியாக வந்து சேர்ந்த கூட்டம் கொண்டுவந்ததுதான் கொலம்போ.

கொலம்போ: குழம்பு எப்படிக் கடல் தாண்டியது?

‘கொலம்போ’ என்றதும் இலங்கையின் கொழும்பு நகரம்தான் நினைவுக்கு வரும். பிரான்ஸில் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால், தமிழ்த் தொழிலாளர்களோடு தீவுக்கு வந்த ‘குழம்பு’ என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். ‘ழ’கரம் பிரெஞ்சு நாக்கில் நிற்காது. குழம்பு, கொலம்பு, கொலம்போ!

இன்று அது ஒரு பொடிக்கும் பெயர், அந்தப் பொடியில் செய்த கறிக்கும் பெயர். பொடியில் மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம், மிளகு இருக்கும். வறுத்த அரிசியையும் சேர்த்து அரைப்பது உண்டு. குழம்பு கெட்டிப்பட வேண்டும் என்று நம் வீடுகளிலும் குழம்புத்தூள் அரைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசி போடுகிறவர்கள் இருக்கிறார்களே, அதே உத்தி.

வித்தியாசமும் உண்டு. கொலம்போப் பொடியில் பொதுவாக மிளகாய் சேர்ப்பதில்லை. தீவின் காரசாரமான மிளகாயை முழுசாகக் கொதியில் போட்டு, உடையாமல் எடுத்துவிடுவார்கள். புளிக்குப் பதில் எலுமிச்சை. தாளிப்பில் தீவின் வெங்காயத் தாளும் தைம் இலையும். ஆட்டுக்கறி, கோழி, பன்றி எதிலும் செய்வார்கள்.

முக்கியமான விஷயம், இதை இப்போது ‘இந்தியச் சாப்பாடு’ என்று யாரும் தனியாகப் பார்ப்பதில்லை. ஆப்பிரிக்க வம்சாவளிப் பாட்டியும் கொலம்போ வைப்பார், ஐரோப்பிய வம்சாவளி ஓட்டல்காரரும் வைப்பார். கல்யாணம், ஞானஸ்நானம், ஞாயிற்றுக்கிழமை, ஷான்டே நுவெல் என எல்லாவற்றுக்கும் பொருந்தும் பொதுச் சொத்து அது. குவாதலூப், மார்த்தினிக் சமையல் என்று எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அது இருக்கும்.

தலையில் ‘மெட்ராஸ்’

ஷான்டே நுவெல் நடக்கும் இடத்தில் பெண்களின் தலையையும் பாவாடையையும் கவனித்தால் இன்னொரு பழைய உறவு தெரியும். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் எனப் பளிச்சென்று கட்டம் போட்ட பருத்தித் துணி. அங்கே அதன் பெயரே ‘மெட்ராஸ்’தான்.

இது காஞ்சிப் பட்டு அல்ல. பழைய மெட்ராஸைச் சுற்றியும் சோழமண்டலக் கரை நெடுகவும் இருந்த நெசவுப் பேட்டைகளில் நெய்த பருத்தி. இங்கிலீஷ் கிழக்கிந்தியக் கம்பெனி 1639-ல் மெட்ராஸில் காலூன்றியதே துணி வியாபாரத்துக்காகத்தான். நெசவாளர்களைக் குடியமர்த்தி 1734-ல் சிந்தாதிரிப்பேட்டையை உருவாக்கியதும் அதே கணக்கில்தான். அந்தக் கட்டத் துணி ‘மெட்ராஸ் கைக்குட்டை’ என்ற பெயரில் லண்டன் போய், மேற்கு ஆப்பிரிக்கா போய், கரீபியன் போனது. கொடுமை என்னவென்றால், ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை வாங்க வியாபாரிகள் கொடுத்த சரக்குகளில் இந்தியத் துணியும் உண்டு.

கரீபியன் தீவுகளில் ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்கள் அந்தத் துணியைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டார்கள். கட்டும் விதத்துக்கே ஒரு பாஷை உருவானது. ஒரு முனை நீட்டிக்கொண்டிருந்தால் ‘மனசு காலியாக இருக்கிறது’. இரண்டு முனை என்றால் ‘ஒருவர் இருக்கிறார்’. மூன்று என்றால் ‘கல்யாணம் ஆகிவிட்டது’. நான்கு என்றால் ‘முயற்சி செய்து பார்க்கலாம்’. இதை இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

குவாதலூப், மார்த்தினிக் மட்டுமல்ல; டொமினிக்கா, செயின்ட் லூசியா நாடுகளின் தேசிய உடையிலும் இந்தக் கட்டம் இருக்கிறது. ஜமைக்காவில் ‘பந்தானா’ என்பார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது கால வரிசை. துணி முதலில் போனது, துணி நெய்த பூமியின் மக்கள் பிறகுதான் போனார்கள். 1854-ல் கப்பலிலிருந்து இறங்கியவர்களுக்குத் தீவில் எல்லாமே புதிது. மொழி புதிது, மரம் புதிது, சாமி புதிது. ஆனால், அந்த ஊர்ப் பெண்களின் தலையில் இருந்த கட்டம் மட்டும் புதிதாக இருந்திருக்க வாய்ப்பில்லை.

1854 டிசம்பர் 24-ல் என்ன நடந்தது?

பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை 1848-ல் ஒழிக்கப்பட்டது. விடுதலை பெற்ற மக்களில் பலர் பழைய எஜமானரின் கரும்புக் காட்டுக்குத் திரும்பப் பிரியப்படவில்லை. கூலியைக் கூட்டித் தருவதற்குப் பதில் தோட்டக்காரர்கள் வேறு ஆட்களைத் தேடினார்கள். பிரான்ஸின் கையில் புதுச்சேரியும் காரைக்காலும் இருந்தன. சுற்றிலும் பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் வாட்டிய தமிழ் கிராமங்கள்.

ஐந்தாண்டு ஒப்பந்தம், கூலி, சாப்பாடு, முடிந்ததும் திரும்பிவரக் கப்பல் என்று சொல்லி ஆள் சேர்த்தார்கள். 1853 மே மாதம் முதல் கப்பல் மார்த்தினிக் சேர்ந்தது. அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முதல்நாள் குவாதலூப்பின் புவாந்த்-அ-பித்ர் துறைமுகத்துக்கு அதே ‘ஒரேலி’ வந்தது. பிரிட்டிஷ் இந்தியப் பகுதிகளிலிருந்தும் ஆள் எடுக்க 1861-ல் பிரிட்டனும் பிரான்ஸும் உடன்படிக்கை செய்தன. 1880-களின் இறுதியில் இந்தப் போக்கு நிற்பதற்குள் குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 பேர், மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேர் போயிருந்தார்கள்.

காஞ்சிபுரம் அப்போது பிரிட்டிஷாரின் செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்தது. அந்த ஜில்லாவிலிருந்தும் இதே காலத்தில் ஒப்பந்தக் கூலிகள் மெட்ராஸ் துறைமுகம் வழியாகக் கடல் கடந்தார்கள். நேட்டால் போனவர்களில் அந்த ஜில்லாக்காரர்கள் உண்டு. யார் எந்தக் கப்பலில் ஏறினார்கள் என்பது பெரும்பாலும் எந்த ஏஜென்ட் முதலில் ஊருக்குள் வந்தான் என்பதைப் பொறுத்தது.

தீவில் நோயும் கடும் வேலையும் பல உயிர்களைக் குடித்தன. திரும்பிவரக் கப்பல் என்ற வாக்குறுதி பலருக்கு நிறைவேறவே இல்லை. ஒப்பந்தம் முடிந்தும் தங்கியவர்கள் அடிமட்டத்தில் இருந்தார்கள். விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கும் இவர்கள் மேல் கோபம். கூலியைக் குறைக்க வந்தவர்கள் என்ற கோபம். அது நியாயமில்லாத கோபம் என்றும் சொல்லிவிட முடியாது, தோட்டக்காரர்கள் நினைத்ததே அதுதான்.

சர்ச்சா, கோயிலா?

பிரெஞ்சுக் காலனிகளில் சமயம் தனிப்பட்ட விருப்பமாக இருக்கவில்லை. 1685-ல் வந்த ‘கறுப்புச் சட்டம்’ அடிமைகள் எல்லோருக்கும் கத்தோலிக்க ஞானஸ்நானம் தர வேண்டும் என்றது. ஞாயிற்றுக்கிழமையும் திருநாட்களிலும் வேலை வாங்கக் கூடாது என்றும் சொன்னது. எஜமானர்கள் மதித்தார்களோ இல்லையோ, கிறிஸ்துமஸ் அடிமைகளுக்கு மூச்சு விடக் கிடைத்த சில நாட்களில் ஒன்று. அதை அவர்கள் மத்தளத்தோடு தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்.

தமிழர்கள் வந்தபோது இந்தப் பண்டிகை ஏற்கெனவே தயாராக இருந்தது. காலப்போக்கில் அவர்களில் பெரும்பாலானவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுப் பெயர் வந்தது. குடும்பப் பெயரில் மட்டும் ராமசாமி, முத்துசாமி, வைத்திலிங்கம், வீரப்பன் எல்லாம் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் ஒட்டிக்கொண்டிருந்தன.

அதற்காகக் கோயிலை விட்டுவிடவில்லை. மாரியம்மன் அங்கே ‘மலியேமென்’ ஆனாள். மதுரை வீரன் மார்த்தினிக்கில் ‘மல்தேவிடன்’ ஆனான். தப்பு ‘தபூ’, மத்தளம் ‘மத்தலோன்’, வேப்பிலை ‘வெப்பெலே’. கபெஸ்தேர் ஊரின் சாங்ஜி கோயில் இன்று தீவின் அடையாளச் சின்னங்களில் ஒன்று. அம்மனுக்குக் கிடா வெட்டி, அந்தக் கறியைக் கொலம்போ வைத்து, வாழை இலையில் எல்லோருக்கும் பரிமாறுவார்கள். காலையில் சர்ச், இன்னொரு நாள் கோயில் என்று இரண்டையும் பிடித்துக்கொண்ட குடும்பங்கள் ஏராளம். நவம்பர் தொடக்கத்தில் கத்தோலிக்கர்கள் இறந்தவர்களை நினைவுகூரும் நாட்களில், இந்திய வம்சாவளிக் குடும்பங்கள் வீட்டில் முன்னோருக்குப் படையல் போடும் வழக்கமும் உண்டு. நம் பக்கம் அமாவாசைப் படையல், அங்கே கல்லறைத் திருநாளில்.

காஞ்சிபுரம் நெசவாளர்கள் ‘கோர்வை’ என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தனித்தனி நாடாவில் நெய்து, சேரும் இடத்தில் இழைக்கு இழை பின்னிவிடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு நிறமும் தெரியும். பிரிக்க நினைத்தால் புடவைதான் கிழியும். குவாதலூப் கிறிஸ்துமஸும் அப்படி நெய்ததுதான்.

ஆனால், ஒரே மேசையில் சாப்பிடுவதால் ஒரே உரிமை வந்துவிடாது. தீவிலேயே பிறந்த இந்திய வம்சாவளியினரையும் பிரெஞ்சுக் குடிமக்களாக ஏற்க நிர்வாகம் தயங்கியது. கபெஸ்தேரில் 1863-ல் பிறந்த ஆன்ரி சிதம்பரம் 1904-ல் இதை எதிர்த்துக் கிளம்பினார். இந்தியர்களின் பிள்ளைகளை வாக்காளர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. வழக்கும் மனுவுமாக ஏறத்தாழ 19 ஆண்டுகள். 1923-ல்தான் வெற்றி கிடைத்தது. குழம்பை ஏற்றுக்கொண்ட தீவு, குழம்பு வைத்தவர்களைக் குடிமக்களாக ஏற்க எத்தனை காலம் எடுத்தது என்று கணக்குப் பார்த்தால், முதல் கப்பலிலிருந்து 69 ஆண்டுகள்.

பின்னாளில் அதே சமூகத்திலிருந்து எர்னஸ்ட் முத்துசாமி பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கே உறுப்பினராகப் போனார். 1981 முதல் இருபதாண்டுகளுக்கு மேல் பதவியில் இருந்தார். எழுத்தாளராகவும் அறியப்பட்டவர்.

மற்ற தீவுகளில் எப்படி?

கரீபியன் முழுக்க ஒரே மாதிரி கிறிஸ்துமஸ் கிடையாது. எந்த நாடு ஆண்டது, எங்கிருந்து ஆள் வந்தார்கள் என்பதைப் பொறுத்து மாறும்.

டிரினிடாட்: ஆண்டது பிரிட்டன், ஆனால் கிறிஸ்துமஸ் பாட்டு ஸ்பானிய மொழியில். ‘பராங்’ என்ற குழுக்கள் கிதாரோடு வீடு வீடாகப் போகும். மக்காச்சோள மாவில் கறி வைத்து வாழை இலையில் மடித்து அவிக்கும் ‘பஸ்தெல்’ முக்கியப் பலகாரம். இந்திய வம்சாவளியினர் பெரும் எண்ணிக்கையில் இருக்கும் நாடு. தீபாவளிக்கும் அரசு விடுமுறை உண்டு.

கயானா: தென் அமெரிக்காவில் இருந்தாலும் பண்பாட்டில் கரீபியன். மரவள்ளிச் சாற்றைக் கருப்பாகக் காய்ச்சி அதில் கறியை வேகவைக்கும் ‘பெப்பர்பாட்’தான் கிறிஸ்துமஸ் காலை உணவு. இது அந்த மண்ணின் பூர்வகுடிகள் தந்தது.

ஜமைக்கா: டிசம்பர் 24 இரவு முழுக்கக் கடைவீதித் திருவிழா. ரம்மில் ஊறிய உலர்பழக் கேக், புளிச்சைப் பூ பானம், துவரை போட்ட சோறு.

பஹாமாஸ்: டிசம்பர் 26 விடியலில் ‘ஜங்கனூ’ என்ற வேஷ ஊர்வலம். அடிமைகளுக்குக் கிடைத்த விடுமுறையில் பிறந்தது என்பார்கள்.

இப்போது என்ன மாறுகிறது?

வீட்டில் பன்றி வளர்ப்பது குறைந்துவிட்டது. ஹாம் சூப்பர் மார்க்கெட்டில் பொட்டலமாகக் கிடைக்கிறது. பைன் மரம் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வருகிறது. ஷான்டே நுவெலை இன்று நகராட்சிகளும் அலுவலகங்களும் மேடை போட்டு நடத்துகின்றன. ‘முற்றத்தில் நடந்தது மேடைக்குப் போய்விட்டது’ என்று பெரியவர்களுக்கு வருத்தம். மார்கழி பஜனை ஒலிபெருக்கிக்கு மாறியதைப் பற்றி நம் வீதிகளில் கேட்கும் அதே வருத்தம்தான். ஆனாலும் பாட்டுப் புத்தகம் கையில் இருக்கிறது, கூட்டமும் வருகிறது.

இன்னொரு பக்கம், முன்பு வெளியே சொல்லத் தயங்கிய வேர்களை இந்திய வம்சாவளியினர் இப்போது வெளிப்படையாகப் பேசுகிறார்கள். 2004-ல் முதல் கப்பல் வந்ததன் 150ஆம் ஆண்டு நினைவுகூரப்பட்டது. புவாந்த்-அ-பித்ர் துறைமுகக் கரையில் அந்த முதல் நாளுக்கு ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. கோயில் பூசையில் பொருள் தெரியாமல் தலைமுறை தலைமுறையாக ஒப்பித்துவந்த தமிழ் வரிகளின் அர்த்தம் என்ன என்று தேடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே டிசம்பர் 24 அன்று அந்தக் கரையில் இரண்டு வேலை இருக்கிறது. பகலில், கப்பலில் வந்தவர்களை நினைக்க வேண்டும். இரவில், எல்லோரோடும் சேர்ந்து பாட வேண்டும். இரண்டும் முடிந்து சாப்பிட உட்காரும்போது சட்டியில் கொலம்போ தயாராக இருக்கும். அது யாருடைய பதார்த்தம் என்று அந்த மேசையில் யாரும் கேட்பதில்லை.